பனிக்கால நடைக்கு நாய்களோடு: முடி இருந்தால் போதுமா?

டிசம்பர் 7, காலை. ஒரு வாசகர் கேட்டது

வருகிற சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர், நான்கு நாய்களோடு காட்டுப்பாதையில் ஒரு பகல் பூரா நடக்கப் போகிறோம். நல்ல பனி விழுந்து கிடக்கிறது. நாய்க்குக் கோட்டும் காலுறையும் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உடம்பெல்லாம் முடி இருக்கிறதே! ஓநாய் கோட்டு போட்டுக்கொண்டா திரிகிறது? மனிதருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

டிசம்பர் 7, மதியம்

மறுப்பு இருக்கிறது. ஓநாய் வருஷம் பூரா வெளியில் கிடக்கும் உயிர். பகல் குறையக் குறைய அதற்குத் தோலை ஒட்டி மெத்தென்று அடிமுடி வளர்ந்து அடர்ந்துவிடும். மேலே இருக்கும் நீள முடி ஈரத்தை உள்ளே விடாது. பனிவண்டி இழுக்கும் ஹஸ்கி, மலாமியூட் நாய் வகைகளுக்கும் இந்த இரட்டைப் போர்வை உண்டு. உங்கள் வீட்டு நாய் ஹீட்டர் பக்கத்தில் சோபாவில் தூங்குகிறது. அதுவும் கிரேஹவுண்ட், விப்பெட் மாதிரி ஒட்டிய வயிறும் ஒற்றை முடியும் உள்ள வகை என்றால் அதற்கு முடி இருப்பதும் நமக்குத் தலைமுடி இருப்பதும் ஒன்றுதான்.

நாங்களும் நான்கு பேர், நான்கு நாய். ஆறு பனிக்காலமாகச் சேர்ந்து நடக்கிறோம். எங்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே போய்விட்டது. ராக்கிக்காரர், பஞ்சுக்காரர், அம்புக்காரம்மா, அவ்வளவுதான். நான் கறுப்பியோடு போகிறவள். அம்பு பேருக்கேற்ற ஒல்லி. முதல் வருஷம் கோட்டில்லாமல்தான் வந்தது. அரை மணி நேரம் எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து ஓடியது. பிறகு ஓட்டம் நின்றது, முதுகு வில்லாக வளைந்தது, வால் வயிற்றுக்கடியில் போய் ஒட்டிக்கொண்டது. அம்புக்காரம்மா தன் சால்வையைச் சுற்றித் தூக்கிக்கொண்டே திரும்பி நடந்தார். இருபது கிலோவைத் தூக்கிக்கொண்டு முழங்கால் பனியில் நடப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 37-க்குக் கீழே இறங்கினாலே கவலைப்பட வேண்டும். ஓடும்போது அந்தச் சூடு தாங்கும். ஆபத்து வருவது நாம் நிற்கும்போது. படம் எடுக்க, பேச, வழி பார்க்க என்று நாம் பத்து நிமிஷம் நின்றுவிடுகிறோம். நமக்கு ஜாக்கெட் இருக்கிறது.

டிசம்பர் 7, இரவு

கால் பற்றி மட்டும் அதிகம் பயப்பட வேண்டாம். நாயின் பாதத்துக்குள் ரத்தக் குழாய்கள் அமைந்திருக்கும் விதமே ஓர் அழகு. உடம்பிலிருந்து சூடான ரத்தம் கொண்டுவரும் தமனியைச் சுற்றி, பாதத்திலிருந்து குளிர்ந்து திரும்பும் சிரைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் பாதம் உறைந்து போவதில்லை, குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குப் போய்ச் சேர்வதுமில்லை. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து இதை எழுதினார்கள். பென்குவின் காலிலும் இதே உத்திதான்.

டிசம்பர் 8, காலை

நேற்று இரவு எழுதியதை இன்று படித்தால் தப்பான தைரியம் கொடுத்துவிட்டேனோ என்று படுகிறது. திருத்துகிறேன். பாதம் உறையாது என்பது ஒரு விஷயம். பாதம் புண்ணாகாது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

பஞ்சுவுக்கு உடம்பு பூரா நீளமான சுருள் முடி. விரல்களுக்கு இடையிலும் கற்றை கற்றையாக இருக்கும். இரண்டாம் வருஷம் நடந்தது இது. நல்ல வெயில், பனி கொஞ்சம் இளகிய நேரம். பஞ்சு நடு வழியில் உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்டால் வரவில்லை, பிஸ்கட்டுக்கும் அசையவில்லை. அடம் பிடிக்கிறது என்று பஞ்சுக்காரர் இரண்டு தரம் அதட்டினார். நான் குனிந்து முன்காலைத் தூக்கிப் பார்த்தேன். விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் கோலிக்குண்டு அளவுக்குப் பனி இறுகி, முடியோடு சேர்ந்து கல்லாகிக் கிடந்தது. ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கல் விரலை விரித்து முடியை வேரோடு இழுத்திருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கைக்குள்ளும் பாதத்தைப் பொத்திக்கொண்டேன். முதலில் என் விரல்தான் மரத்தது. அப்புறம் உருண்டையின் ஓரம் வழுக்க ஆரம்பித்தது, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, கடைசியில் முடியிலிருந்து நழுவி உள்ளங்கையில் விழுந்தது. நான்கு காலுக்கும் இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் பஞ்சு என் முழங்கையில் மோவாயை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. பஞ்சுக்காரர் அதட்டியதற்காக அன்றைக்கு முழுக்க வருத்தப்பட்டார். எனக்கும்தான் வருத்தம், அவர் முதல் தரம் அதட்டும்போதே நான் குனிந்திருக்கலாம்.

உருண்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோல் கிழியும். கிளம்புவதற்கு முன்னால் விரலிடை முடியைப் பாத மட்டத்துக்குக் கத்தரித்துவிட்டு, கொஞ்சம் தேன்மெழுகுக் களிம்பு பூசினால் பாதி தொல்லை இல்லை. காலுறை மாட்டுவதானால் வீட்டுக்குள்ளேயே நாலைந்து நாள் பழக்குங்கள். முதல் தரம் மாட்டும்போது காலைக் காலைத் தூக்கி உதறும். சிரிப்பாகத்தான் இருக்கும், அதற்காகக் கழற்றிவிடாதீர்கள்.

டிசம்பர் 8, மாலை

உப்பு பற்றி ஒருவர் நினைவுபடுத்தினார், நன்றி. ரோட்டில் பனி இளகுவதற்காகத் தூவும் உப்பு பாதவெடிப்பில் புகுந்தால் எரியும். நக்கினால் வாந்தி, அதிகம் போனால் அதைவிட மோசம். காட்டுக்குள் உப்பு இல்லை. ஆனால் காரிலிருந்து இறங்கும் இடத்தில் இருக்கும். நான் ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய துண்டும் காரிலேயே வைத்திருக்கிறேன், ஏறுவதற்கு முன் நான்கு காலும் கழுவித் துடைத்துவிடுவேன்.

அதே இடத்தில் இன்னொரு எமன் உண்டு. கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்பு நீர், எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், அதனால் நாய் விரும்பி நக்கும். சில கரண்டி போதும், சிறுநீரகம் போய்விடும். முதலில் குடித்தவர் மாதிரி தள்ளாடும், பிறகு தெளிந்த மாதிரி தெரியும், நாமும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். அந்தத் தெளிவை நம்பக் கூடாது. நக்கியதைப் பார்த்த கணமே டாக்டரிடம் ஓட வேண்டும்.

டிசம்பர் 9, இரவு

உறைந்த குளத்தின்மேல் நாயை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை எழுதத் தயங்கினேன், எழுதிவிடுகிறேன்.

எங்கள் மூன்றாம் வருஷம். ஒரு சின்னக் குளம், மேலே ஐஸ், அதன்மேல் பனி, பார்த்தால் மைதானம் மாதிரி இருந்தது. ராக்கிக்கு அப்போது இரண்டு வயது, அவிழ்த்துவிட்டிருந்தோம். குளத்தின் நடுவில் ஏதோ பறவை. ராக்கி பறந்தது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி போயிருக்கும். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டு உடைகிற மாதிரி ஒன்று, அப்புறம் ராக்கியின் தலை மட்டும் தெரிந்தது.

ராக்கிக்காரர் ஜாக்கெட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நானும் பஞ்சுக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். அவர் எங்களைத் திட்டினார், உதறினார், அழுதார். நாங்கள் விடவில்லை. இருபத்தைந்து கிலோ நாயைத் தாங்காத ஐஸ் அவரைத் தாங்குமா? குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிஷம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிஷம், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று கணக்குச் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிஷக் கணக்கு எனக்குத் தெரியும், அதனால்தான் பிடித்தேன். ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. என் கறுப்பி அங்கே இருந்தால் நான் நின்றிருப்பேனா?

நாங்கள் செய்தது ஒன்றுதான். ராக்கி போன வழிக்கு நேராகக் கரையில் நின்று, அதன் பேரைச் சொல்லி விடாமல் கூப்பிட்டோம். போன வழியில் ஐஸ் அதை ஒரு தரம் தாங்கியிருக்கிறது, திரும்பினால் கரையும் அந்தப் பக்கம்தான் கிட்ட. ராக்கி முன்னங்காலால் ஐஸை உடைத்து உடைத்துக்கொண்டே வந்தது. கால் தரையைத் தொட்டதும் ஒரே தாவு.

துண்டால் ஒற்றி ஈரத்தை எடுத்தோம், காய்ந்த ஜாக்கெட்டில் சுற்றினோம், காருக்குத் தூக்கினோம். கைகாலைத் தேய்க்கக் கூடாது, சுடுதண்ணீரில் இறக்கக் கூடாது. நெஞ்சும் வயிறும்தான் முதலில் சூடாக வேண்டும். ராக்கிக்காரர் சட்டையைத் திறந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வழி பூரா நடுங்கிக்கொண்டே வந்தது. நடுக்கம் நல்லது. நடுக்கம் நின்று கண் மங்கி, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

தெளிந்த, கெட்டியான ஐஸ் 10 சென்டிமீட்டர் இருந்தால் நடக்கும் ஆளைத் தாங்கும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. வெள்ளையாகக் கலங்கிய ஐஸுக்கு அதில் பாதி பலம்தான். பனி மூடியிருந்தால் எது எது என்று எப்படித் தெரியும்? மேலே கிடக்கும் பனியே போர்வையாகி ஐஸை மெலிதாக வைத்திருக்கும். வாய்க்கால் வந்து சேரும் இடம் இன்னும் மெலிது. அதனால் எங்கள் வழக்கம் இப்போது ஒன்றே: தண்ணீர் கண்ணில் படும் முன்பே எல்லா நாயும் கயிற்றில்.

டிசம்பர் 10, மதியம்

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு "பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் போலிருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயோ, அதற்காக எழுதவில்லை! போங்கள், கட்டாயம் போங்கள். பனிக்காலத்தில் காடு ஏட்டைத் திறந்து வைத்த மாதிரி இருக்கும். மற்ற மாதங்களில் நாய்க்கு மட்டும் தெரிகிற செய்தி எல்லாம் இப்போது நம் கண்ணுக்கும் தெரியும்.

முயலின் தடம் பார்த்தால் முதலில் குழப்பும். பெரிய கால் இரண்டும் முன்னால், சின்னக் கால் இரண்டும் பின்னால். அது எதிர்ப்பக்கம் போயிருக்கிறது என்று நினைத்துவிடுவோம். தாவும்போது முன்கால் ஊன்றியதும் பின்கால் அதைத் தாண்டிப் போய் விழுகிறது, அதுதான் விஷயம். நரியின் தடம் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு, முன்கால் வைத்த குழியிலேயே பின்காலையும் வைக்கும். வீட்டு நாயின் தடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே ஓடி, அங்கே திரும்பி, ஒரு மரத்தைச் சுற்றி, மறுபடி அதே மரம். நரிக்கு வீணாக்கச் சக்தி இல்லை. நம் நாய்க்கு ராத்திரிச் சாப்பாடு வீட்டில் காத்திருக்கிறது.

ஒரு சாணுக்குக் குறையாமல் பனி விழுந்துவிட்டால் அதன் அடியில், மண்ணை ஒட்டி, பூஜ்யத்தை ஒட்டியே வெப்பநிலை நின்றுவிடும், மேலே எவ்வளவு குளிர் அடித்தாலும். வயல் எலிகள் அங்கே சுரங்கம் போட்டுக் குடும்பம் நடத்தும். கறுப்பி திடீரென்று நின்று தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, காதை நிமிர்த்திக் கீழே பார்க்கும்போது எனக்குப் புரிந்துவிடும், காலடியில் யாரோ நடக்கிறார்கள்.

பட்டாணிக்குருவிகளைப் பாருங்கள். இந்தக் காலத்தில் தனியாகத் திரியாது, வேறு இனக் குருவிகளோடும் கூட்டு சேர்ந்து மரம் மரமாகத் தாவும். பல கண் இருந்தால் வல்லூறு வருவது முன்கூட்டித் தெரியும். சிறகைப் புடைத்து உடம்பைப் பந்தாக்கிக்கொள்ளும், சிறகுக்குள் நிற்கும் காற்றுதான் அதற்குக் கம்பளி. பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள சில குருவிகள் ராத்திரியில் உடம்புச் சூட்டைப் பத்து டிகிரி வரைகூடக் குறைத்துக்கொண்டு விடியும் வரை தாக்குப்பிடிக்கின்றன.

புதுப் பனி சத்தத்தை உறிஞ்சிவிடும், அதனால் நாலு பேர் பேசிக்கொண்டு போனாலும் காதுக்குப் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். கடுங்குளிரில், சுமார் மைனஸ் பத்து டிகிரிக்குக் கீழே போனால், காலடியில் பனி கிறீச்சிடும். அந்தச் சத்தம் வந்தால் நாங்கள் நடையைப் பாதியாக்கிவிடுவோம்.

டிசம்பர் 10, இரவு

சாப்பிட உட்கார்ந்தபோது தோன்றியது. நம் மொழியில் குளிர்காலம் என்று ஒன்றாகச் சொல்லி விட்டுவிடவில்லை. இரவின் முன்பாதியில் பனி இறங்கினால் முன்பனி, பின்பாதியில் இறங்கினால் பின்பனி, இரண்டுக்கும் தனித்தனிப் பருவம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்றும் சொல்லிவைத்தார்கள். வெளியில் நின்று பனியை உடம்பில் வாங்கியவர்கள் பேச்சு.

டிசம்பர் 11, காலை

அவிழ்த்துவிடலாமா, கயிற்றிலேயே வைத்திருக்கலாமா? முதல் மூன்று வருஷமும் நான் அவிழ்த்துவிடும் கட்சி. அவை ஓடுவதைப் பார்க்கத்தானே போகிறோம் என்பேன். இப்போது அந்தக் கட்சியில் இல்லை.

குளம் மட்டும் காரணமில்லை. ஒரு தரம் கறுப்பி ஒரு முயலைக் கிளப்பிவிட்டது. பிடிக்கவில்லை, துரத்தியது மட்டும்தான், இரண்டு நிமிஷத்தில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. நாங்கள் தட்டிக்கொடுத்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். தீனி கிடைக்காத காலத்தில் அந்த உயிர் ஒவ்வொரு பருக்கையாகச் சேர்த்த சக்தியில்தான் குளிரைக் கடக்கிறது. என் நாயின் இரண்டு நிமிஷ விளையாட்டுக்கு அது எவ்வளவு கொடுத்திருக்கும்? மானைத் துரத்தினாலும் இதே கதைதான். இப்போது ஐந்து மீட்டர் நீளக் கயிறு வைத்திருக்கிறேன். மோப்பத்துக்கு அது போதும். வழியை விட்டு விலகி ஓடத் தேவையில்லை.

டிசம்பர் 11, மாலை

ராக்கிக்காரர் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். இளம் நாய்க்குக் கயிறு போதாது, ஓடியாக வேண்டும் என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். வேலி போட்ட திறந்த வெளி கிடைத்தால் முதலில் அங்கே அரைமணி ஓடவிட்டு, பிறகு காட்டுக்குள் போங்கள்.

டிசம்பர் 12, இரவு

நாளைக்கு நடை. கொஞ்சம் சிரிக்கவும் ஒன்று. 2013-இல் ஜெர்மனி, செக் ஆய்வாளர்கள் 37 வகையைச் சேர்ந்த 70 நாய்களை இரண்டு வருஷம் கவனித்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் நாய்கள் வடக்கு தெற்காக நின்று மலம் கழிக்கவே விரும்புகின்றன என்று எழுதினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு மறு வருஷமே கிடைத்தது. பனிக்குள் எலி பிடிக்கும் நரி பெரும்பாலும் வடகிழக்கு நோக்கியே பாய்கிறது என்று 2011-இல் எழுதியவர்களில் சிலரும் இந்தக் குழுவில் உண்டு. இதைப் படித்ததிலிருந்து பஞ்சுக்காரர் திசைகாட்டியும் கையுமாகத்தான் வருகிறார். பஞ்சு சுற்றிச் சுற்றி இடம் பார்க்கும்போது நாங்கள் மூச்சு விடாமல் நிற்போம். இதுவரை அது எந்தத் திசைக்கும் கட்டுப்படவில்லை.

எடுத்துக்கொள்ள: வெதுவெதுப்பான தண்ணீர் ஃப்ளாஸ்க்கில் (பனியைத் தின்னும், ஆனால் அதுவே தண்ணீருக்கு ஈடாகாது), துண்டு இரண்டு, ஒரு கம்பளி, டார்ச், மாற்றுக் கயிறு. சாக்லேட் உங்களுக்கு மட்டும், நாய்க்கு அது விஷம்.

டிசம்பர் 13, இரவு

வந்து சேர்ந்தோம். பாதி வழியில் திரும்பிவிட்டோம்.

கறுப்பிக்குப் பதினொரு வயது. காலையில் எழும்போதே பின்கால் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தது, நடந்தால் சரியாகிவிடும் என்று கூட்டிப்போனேன். முதல் ஒரு மணி நேரம் வழக்கம்போலத்தான் இருந்தது. நரித்தடம் ஒன்றை மோந்து மூக்கெல்லாம் பனித்தூள். மேட்டின் அடிவாரத்தில் நின்று இடது முன்காலைத் தூக்கியது. பார்த்தேன், உருண்டை இல்லை, வெட்டு இல்லை. வைத்தது. நாலடி நடந்து வலது காலைத் தூக்கியது. என் முகத்தைப் பார்த்தது.

மேட்டின் மேல் போனால் பள்ளத்தாக்கு பூரா தெரியும், அதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு வருஷமும் போகிறோம். நீங்கள் மூன்று பேரும் போங்கள், நான் திரும்புகிறேன் என்றேன். அம்புக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் அம்புவைத் திருப்பிவிட்டார். மற்ற இருவரும் பின்னாலேயே. திரும்பும் வழியில் கறுப்பிதான் முன்னால். அது நின்ற இடத்திலெல்லாம் எட்டுப் பேரும் நின்றோம். ஒரு பட்டுப்போன மரத்தில் மரங்கொத்தி பட்டையை உரித்துக்கொண்டிருந்தது, சில்லுகள் பனிமேல் விழுந்தன. மேட்டுக்குப் போயிருந்தால் அதைக் கவனித்திருக்கவே மாட்டோம்.

இப்போது துணி மூட்டை மாதிரி காலடியில் கிடக்கிறது. தூக்கத்தில் பின்கால் இரண்டும் ஓடுகின்றன.

டிசம்பர் 14, காலை

ஒரு திருத்தம். எட்டாம் தேதி களிம்பு பூசச் சொன்னேன். நாய் அதை நக்கத்தான் செய்யும், அதனால் வாசனை எண்ணெய், துத்தநாகம் கலந்த மனிதக் களிம்பு எதையும் பூசாதீர்கள். நாய்ப் பாதத்துக்கென்று விற்பதே நல்லது.

டிசம்பர் 14, மதியம்

முதலில் கேள்வி கேட்ட நண்பர் வந்திருக்கிறார். அவர்கள் நடையும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம், அவருடைய குட்டை முடி நாய் நடுங்கியதாம், தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தினாராம். கோட்டு வாங்க அளவு எப்படி எடுப்பது என்று கேட்கிறார்.

நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும். கழுத்துப்பட்டை கிடக்கும் இடத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகு நீளம். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சு அதிகம் அகன்ற இடத்தில் சுற்றளவு, டேப்புக்கு அடியில் இரண்டு விரல் போக வேண்டும். வயிற்றையும் மூடும்படி வாங்குங்கள், முதுகை மட்டும் மூடுவது போதாது. அக்குளில் உராயக் கூடாது. நனைந்தால் உடனே கழற்றிவிடுங்கள், ஈரக் கோட்டு கோட்டே இல்லாததைவிட மோசம். நாய் பேர் என்ன என்று சொல்லவே இல்லையே?